அண்ணனின் கத்திக்கு வாங்கிய கல்

அண்ணன் மறைந்து ஓர் ஆண்டு நிறைவதையொட்டி இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் புனே சாங்விப் பகுதி நண்பர்களுக்கும் என் வணக்கம். தமிழ் படிக்க வராத பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் யாராவது வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். இத்தகைய மலர்களில், மறைந்தவர் கோபமே அறியாதவர் என்று எழுதுவது முறை. எனக்கு எல்லா முறையும் தெரியும். ஆனால் அண்ணன் கோபம் அறிந்தவர். அதில் பெரும்பங்கை என் மீதே செலவிட்டார்.

அவர் ஆம்பூரில் பிறந்தார். எங்கள் தந்தையார் காலமானபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினொன்று. புனேயில் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து, மறு ஆண்டே அம்மாவையும் என்னையும் இங்கே அழைத்துக்கொண்டார். வெட்டுக் கருவிகளைத் தீட்டும் பட்டறையில் நாளெல்லாம் நின்று என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். படித்து முடித்த நான் அதே தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் நாற்காலியில் உட்கார்ந்தேன். "நான் கேக்கறது ஒண்ணு, நீ வாங்கறது ஒண்ணு" என்பதே முப்பது ஆண்டுகள் என் உத்தியோகத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து. அது தவறென்று நிரூபிக்க எனக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

அண்ணன் நாள்தோறும் மடக்குக் கத்தியால்தான் முகம் மழிப்பார். பிளேடு எதுவானாலும் அவருக்குக் கழுத்தெல்லாம் கொப்புளித்துவிடும். பக்கவாதம் வந்த காலையில் அவர் முகம் கழுவும் தொட்டியருகே விழுந்தார். கத்தியும் அலமாரியிலிருந்த தீட்டுக்கல்லும் கூடவே விழுந்தன. கல் இரண்டானது. கத்தியின் வாய் இரண்டு இடத்தில் உடைந்தது. மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பியபோது பேச்சு முழுதாக இருந்தது, வலது கைக்கு அசைவு இல்லை, தாடி ஒரு மாதத்துக்கு வளர்ந்திருந்தது. பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"தாத்தா, தாடி நல்லா இருக்கு. ஹீரோ மாதிரி," என்றாள் நகரின் மறுகோடியில், கராடியில் வேலை பார்க்கும் பேத்தி.

"ஹீரோ இல்லம்மா, எழவு வூட்டுக்காரன் மாதிரி கீது. இந்த மூஞ்சியோட நான் சபையில குந்த மாட்டேன். உங்கப்பனே தட்டு மாத்தட்டும்."

"அப்போ நிச்சயமே வேணாம். தாத்தா கையாலதான் தட்டு போகணும்."

இருவருக்கும் ஒரே பிடிவாதம். அண்ணி என்னைப் பார்த்தார். சாங்வி சலூன்காரரைப் போய்க் கேட்டேன். "எங்ககிட்ட எல்லாம் பாதி பிளேடு மாட்டற கத்திதான், காகா. உங்க கத்தியைத் தீட்டிக் குடுங்க, வீட்டுக்கே வந்து மழிக்கறேன்," என்று இந்தியில் சொல்லிவிட்டார். காகா என்றால் இவ்வூரில் சித்தப்பா.

கல் வாங்குவது கொள்முதல். கொள்முதல் எனக்குத் தெரியும். தீட்டுக்கற்களுக்கு எண் உண்டு. எண் கூடக்கூடக் கல் மிருதுவாகும் என்று படித்தறிந்தேன். அண்ணனின் கத்திக்கு உயர்ந்த தரமே பொருந்தும் என்று முடிவு செய்து, ரவிவார் பேட்டையில் பன்னிரண்டாயிரம் எண் கல்லை வாங்கிவந்து மூன்று நாள் தேய்த்தேன். கத்தி கண்ணாடி போல மின்னியது. என் முன்கையில் ஒரு முடியைக்கூட வெட்டவில்லை.

அண்ணன் கத்தியை இடது கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எத்தினி நம்பர் கல்லு?"

"பன்னெண்டாயிரம், அண்ணா. அதுக்கு மேல கடையிலயே இல்ல."

"வாய் ஒடைஞ்ச கத்திக்குப் பன்னெண்டாயிரமா? சாக்கடை அடைச்சிக்கினா ஜெனரல் மேனேஜரையாடா அனுப்புவே?"

"தரம் ஒசந்ததாச்சேன்னு..."

"தரமாம். மொதல்ல ஆயிரத்துல தேய்ச்சி ஒடைஞ்ச எடத்தை எடுக்கணும். அப்புறம் அஞ்சாயிரம். உன் பன்னெண்டு கடைசியிலதான். நம்பரை மட்டும் பாத்துட்டு வராதே, கல்லு தட்டையா கீதான்னு பாரு. இரும்பு ஸ்கேலை மேல நிக்க வெச்சி வெளிச்சத்துல புடி. கீழ வெளிச்சம் தெரிஞ்சா கடையிலயே வுட்டுட்டு வா."

ஸ்கேலுடன் மறுபடியும் போனேன். ஆயிரம் எண்ணில் நான்கு கற்களை மறுத்தேன். "கல் வாங்க வந்தீங்களா காகா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கடைக்காரர் மராத்தியில் கேட்டார். ஐந்தாவது கல்லில் வெளிச்சம் தெரியவில்லை. அதே சோதனையில் தேறிய ஐயாயிரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பால்கனியில் அண்ணன் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, நான் கீழே உட்கார்ந்து தேய்த்தேன். சத்தத்தைக் கேட்டே தவறு கண்டுபிடித்தார். "முதுகைத் தூக்கறே. கத்தி முதுகும் வாயும் ஒண்ணாப் படணும்." நான் முதுகைத் தூக்கவில்லை என்று வாதிட்டேன். தூக்கியிருந்தேன்.

ஞாயிறு காலை. நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. ஒன்பது மணிக்கு ஓர் உடைவு போய்விட்டது, இன்னொன்று மயிரிழை அளவுக்கு நின்றது. சலூன்காரர் துண்டுடன் காத்திருந்தார்.

"போதும் அண்ணா, மழிச்சிடலாம்."

"உன் கழுத்தா இருந்தா போதும்னு சொல்லுவியா?"

அண்ணி பட்டுப்புடவையில் வந்து நின்றார். "ஊரே மண்டபத்துல ஒக்காந்துகினு கீது. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இங்க கல்லு தேய்ச்சிகினு கீறீங்க! நல்லா கீதுய்யா உங்க நாயம்!"

ஆயிரத்தில் மீண்டும் தொடங்கினேன். அந்த மயிரிழை போனது. பிறகு ஐயாயிரம், பன்னிரண்டாயிரம், கடைசியாகத் தோல் வாரில் முப்பது இழுப்பு. சலூன்காரர் தம் முன்கையில் வைத்துப் பார்த்தார். முடி உதிர்ந்தது. அவர் சோப்பைக் குழைக்கத் தொடங்கினார்.

மழித்து முடித்ததும் அண்ணன் இடது கையால் கன்னத்தையும் கழுத்தையும் மெல்லத் தடவினார். என்னிடமல்ல, சலூன்காரரிடம் இந்தியில் சொன்னார்: "என் தம்பி தீட்டினது."

நல்ல நேரம் முடியப் பதினொரு நிமிடம் இருக்கும்போது தட்டு மாறியது. தட்டின் ஒரு பக்கத்தை அண்ணனின் இடது கை தாங்கியது, மறுபக்கம் பேத்தியினுடையது. பெண் தன் தட்டைத் தானே தூக்கும் முறை எங்கும் இல்லை. நான் ஆட்சேபிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, இரண்டாவது பக்கவாதத்தில், அதிகம் துன்பப்படாமல் அண்ணன் காலமானார்.

அவருக்கு நடை பழக்கிய பெண்மணிக்கும், லிஃப்ட் பழுதான நாள்களில் நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்கிய மாடி வீட்டாருக்கும், அதன்பின் அந்த ஐந்து மாதமும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து மழித்த சலூன்காரருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. சம்பந்தி வீட்டாருக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. அன்று நாங்கள் தாமதமானதற்கு மண்டபத்துக்கு வரும் ஔந்த் சாலை நெரிசலைக் காரணம் சொன்னேன். சாலை காலியாகத்தான் இருந்தது.

இம்மலரின் அட்டையில் இருப்பது தட்டு மாற்றிய மறுநிமிடம் எடுத்த படம். அண்ணனின் கன்னம் இப்படிப் பளபளப்பதற்கு அச்சகத்தார் ஏதாவது செய்தார்களா என்று இதற்குள் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அச்சகத்தார் எதையும் தொடவில்லை.