டோங்கி தூக்கின நாலாவது தோள்

சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சிடுங்க சார், நடுவுல சிரிச்சா எனக்குக் கோவம் வரும். பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா 'போய் வேலையப் பாருலே'ன்னு விரட்டுற ஆளு நான். தூத்துக்குடிப் பக்கம் எங்க ஊர்ல கல்லறைத் தோட்டத்துச் சுவர் மேலதான் வலை காயப் போடுவோம், காவலுக்கு அங்கயே படுத்துத் தூங்குவேன், கொசுவத் தவிர வேற எதுவும் என்ன வந்து தொட்டதில்ல. நான் சொல்லப்போறது ராத்திரில நடந்ததும் இல்ல. பட்டப்பகல். மழை பெய்ஞ்சுது, அவ்வளவுதான்.

அப்ப நான் கிரேட் நிக்கோபார்ல, கேம்பல் பேல இருந்தேன். எக்ஸ் சர்வீஸ்மேன் குடும்பங்களக் கொண்டுவந்து, காட்ட வெட்டிக் குடியேத்திக்கிட்டிருந்த சமயம். ரோடு பாதி தூரந்தான் போட்டிருந்தாங்க. அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கேம்புக்கெல்லாம் அரிசி, மண்ணெண்ணெய் எதுவானாலும் தண்ணி வழியாத்தான் போகணும். எங்க படகு இறக்கலாம், ஒரு ஆத்துல இருந்து இன்னொரு ஓடைக்கு எங்க தூக்கிட்டுப் போய்ப் போடலாம், இதக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. அப்படிப் பிடிச்சுது சார் எனக்கு அந்த வேலை! கரைய நின்னு பாத்தாப் போதாது, இறங்கி மிதிக்கணும். கால் நிக்குதா, இல்ல முட்டி வரைக்கும் உள்ள வாங்குதா? தண்ணி ஏறும்போது ஒரு தடவ, வத்தும்போது ஒரு தடவ போய்ப் பாக்கணும். முதலை வயித்தத் தேய்ச்ச தடம் இருந்தா, எவ்வளவு நல்ல இடமா இருந்தாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடணும். காட்டுக்குள்ள வழி போட்டா மரத்துல முன்பக்கமும் பின்பக்கமும் கோடாலியால கொத்தணும், இல்லேன்னா திரும்பி வர்றவன் முழிப்பான்.

என்கூட ரெண்டு பேரு. சூசை, எங்க ஊர்க்காரன், வாய் கொஞ்சம் நீளம். நிமாய், பெங்காலி, பேசவே மாட்டான். ஒத்த மரத்துல குடைஞ்ச டோங்கிப் படகு ஒண்ணு வச்சிருந்தோம்.

அன்னிக்குக் கடைசி கேம்புகிட்ட ஆத்துல இருந்து பக்கத்து ஓடைக்கு வழி வெட்டி முடிச்சிருந்தோம். வெறும் டோங்கியக்கூட அதுல இன்னும் தூக்கிப் பாக்கல. அப்ப முத்தையா ஓடி வந்தாரு. பட்டாளத்துல இருந்து வந்தவரு, மதுரைப் பக்கம். அவரு சம்சாரம் மரகதத்துக்கு முந்தின நாளே வலி எடுத்திருக்கு, குழந்தை குறுக்க நிக்குது, கேம்புல இருக்கிற பொம்பளைங்க கைய விரிச்சுட்டாங்க. ஆஸ்பத்திரின்னா கேம்பல் பேதான். ஆத்து வாயில போய்ப் பாத்தோம், ஐப்பசிக் காத்து, அலை அப்படியே மடங்கி விழுது, அதுல டோங்கிய விட்டா எல்லாருக்கும் சேத்து அடக்கப் பூசை வைக்க வேண்டியதுதான். அந்தப் பக்கத்து ஓடை மட்டும் குடாவுக்குள்ள போய்ச் சேரும், அங்க கடல் அமைதி. ஆக, நாங்க வெட்டின வழிதான் ஒரே வழி.

"லே ஜெபா, டோங்கியோட ஒரு ஆளையும் வச்சு நாலு பேர் தூக்க முடியுமாலே? ஆறு தோள் வேணும்லே"ன்னான் சூசை.

"ரெண்டு நடை போவோமா? முதல்ல டோங்கி, அப்புறம் அவங்கள"ன்னேன் நான்.

நிமாய் வாயத் தொறந்தான். "பானி உத்தர் ரஹா ஹை, பாய். ஜல்தி." தண்ணி வத்துது, ரெண்டு நடைக்கு நேரமில்ல, ஓடை சேறாயிடும்.

முத்தையா அதுக்குள்ள டோங்கி முனையப் பிடிச்சுட்டாரு. சரி, தூக்குங்கடான்னேன்.

முன்னால குறுக்க ஒரு கம்பு, பின்னால குறுக்க ஒரு கம்பு, டோங்கியோட வச்சுக் கட்டினோம். முன்கம்புல வலது முனை நான், இடது முனை நிமாய். பின்கம்புல வலது முத்தையா, இடது சூசை. அந்தப் பொண்ண உள்ள படுக்க வச்சு மேல தார்ப்பாயப் போட்டோம், அது ரெண்டு பக்கமும் தொங்குனதால அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கத்து ஆளுக்குத் தெரியாது. அவ தலை என் பக்கம், கால் பின்பக்கம். நான் 'ஏலேலோ'ன்னு குரல் குடுப்பேன், பின்னாடி சூசை 'ஐலசா'ன்னு எடுப்பான், அந்தத் தாளத்துக்குக் காலை வைக்கணும். அப்பத்தான் கனம் நாலு தோளுக்கும் ஒண்ணா இறங்கும்.

ஏலேலோ! ஐலசா! மழை கொட்டுது, சேறு முட்டிக்கு வருது, அட்டை ஏறுது, அந்தப் பொண்ணு கத்துது, நான் மாதாவே மாதாவேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே குரல் குடுக்கறேன். பாதி வழில ஒரு கண்டல் காடு, வேரெல்லாம் மேல நிக்கும், அதத் தாண்டுறதுதான் எனக்குப் பயம். நம்புனா நம்புங்க சார், அதத் தாண்டின உடனே டோங்கி லேசாயிடுச்சு! முன்னால இருக்கிற எனக்கே தெரியுது. பின்னால தள்ளுற மாதிரி இல்ல, ஏந்துற மாதிரி. ஐலசா ஐலசான்னு குரலும் ஓங்கி வருது. சபாஷ்லே சூசை, வாய்தான் நீளம்னு நெனச்சேன், தோளும் இருக்குதேன்னு எனக்கு ஒரே சந்தோஷம், நாங்க ஓடுறோம் சார், அந்தச் சேத்துல ஓடுறோம்!

ஓடைக்கரை வந்துது. தண்ணி இன்னும் இருக்கு. இறக்குங்கடான்னேன், நாலு முனையும் சமமா இறங்குச்சு, பொண்ணுக்கு ஒரு குலுக்கல் இல்ல. சூசையக் கட்டிப் பிடிக்கலாம்னு பின்னால போறேன்.

சூசை இல்ல.

"எங்க அவன்?"னு கேட்டேன். "இங்கதான சத்தம் குடுத்துக்கிட்டு வந்தாரு"ன்னாரு முத்தையா, அந்தப் பக்கம் எட்டிப் பாத்தாரு, அவரு முகம் வெளிறிப்போச்சு. யோசிக்கக்கூட நேரமில்ல. நிமாயத் திருப்பி அனுப்பினேன் சூசையத் தேட. நானும் முத்தையாவும் துடுப்பப் போட்டோம். பொழுது சாயறதுக்குள்ள கேம்பல் பே. அன்னிக்கே ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் பிழைச்சுட்டாங்க. முத்தையா ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அழுதாரு, நானும் அழுதேன், இதுல என்ன வெட்கம்.

மறுநாள் நான் டோங்கியோட ஓடைக்கரைக்குத் திரும்பினப்ப, நிமாய் சூசையத் தாங்கிக் கூட்டிட்டு வந்தான். கண்டல் வேருக்கு நடுவுல கால் போய் மாட்டி, கணுக்கால் பிசகி அங்கயே விழுந்து கெடந்திருக்கான். இடுப்பு வரைக்கும் சேறு.

"கத்துனேம்லே, நீங்க கேக்கல"ன்னான். "கம்பு என் தோள விட்டுப் போச்சு, சாயப்போவுதுன்னு கண்ண மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா சாயலலே. என் முனைல ஒருத்தரும் இல்ல, டோங்கி நேரா போவுது. ஐலசான்னு சத்தம் வேற."

"உன் குரல்தானலே கேட்டுது?"

"என் வாய்தான் இங்க சேத்துக்குள்ள கெடந்துச்சே!"

வாய் நீளம்னு சொன்னேன்ல, அந்தச் சூசை அதுக்கப்புறம் ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. நானும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். மழைச் சத்தம், பதட்டம், முத்தையாவே ரெண்டு முனையையும் தாங்கியிருப்பாருன்னு. அப்படித் தாங்க முடியாதுன்னு கம்பு தூக்கின எவனுக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லிக்கிட்டேன்.

இதோட முடிஞ்சிருந்தா நான் உங்ககிட்ட இதச் சொல்லியே இருக்க மாட்டேன் சார். மரகதம் பிள்ளையோட மெயின்லேண்ட் போய் அம்மா வீட்டுல இருந்துட்டு, அப்புறம் திரும்பி வந்து கேம்புலயே இருந்துச்சு. நான் அதுக்குள்ள போர்ட் பிளேர் வந்துட்டேன். பல வருஷம் கழிச்சு ஒரு நாள் அபர்டீன் பஜார்ல, ஒரு பாய் துணிக்கடைல, "ஜெபாண்ணே!"ன்னு ஒரு குரல். பாத்தா மரகதம், பக்கத்துல அரும்பு மீசையோட பையன். கால்ல விழச் சொல்லிச்சு அவன, எனக்குக் கூச்சமாப் போச்சு. அப்புறம் பையனக் கடைக்குள்ள அனுப்பிட்டு, மெதுவாக் கேட்டுச்சு.

"அண்ணே, வீட்டுக்காரரக் கேட்டா ஜன்னி கண்டு பாத்திருப்பேங்கறாரு. நீங்க சொல்லுங்க. என் கால்மாட்டுல இடது பக்கம் தூக்கிட்டு வந்தாரே ஒரு அண்ணன், அவ்வளவு மழைல அவரு சட்டை நனையவே இல்ல. தார்ப்பாய் இடுக்கு வழியா என்னையே பாத்துக்கிட்டு வந்தாரு. கரைல இறக்கினதும் குனிஞ்சு, 'எனக்கும் இடம் இருக்குமா தாயி, ரொம்ப நாளா இங்கயே இருக்கேன்'னாரு. நான் அந்த வலிலயும், 'ஏறிக்குங்கண்ணே'ன்னேன். ஏறி என் கால்கிட்ட உக்காந்தாரு."

கடைக்குள்ள இருக்கிற பையன ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டு, மரகதமே தொடர்ந்துச்சு.

"கேம்பல் பே வந்ததும் என்னத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, நான் பாக்கல. அவரு எங்கண்ணே இறங்கினாரு?"

தெரியலம்மான்னேன். கேம்பல் பே ஜெட்டில நாங்க அந்தப் பொண்ண மட்டுந்தான் இறக்கினோம். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அந்த டோங்கிய நான்தான் சார் ஓட்டினேன், பாதி நாள் காட்டாத்துல தனியா. இப்ப அந்தத் 'தனியா'ங்கற வார்த்தையச் சொல்லும்போதெல்லாம் நாக்கு கொஞ்சம் தடுமாறுது.