எனக்கு வராத மிஸ்டு கால்கள்

ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிடும் செல்போன் சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் ஓர் அச்சகத்தில் நான் வேலை பார்த்த காலம். செல்போன் அப்போதுதான் எல்லோர் கைக்கும் வந்திருந்தது. ஒரு தீபாவளி சீசன் முழுக்க அந்தச் சத்தம்தான். ஒரு மணி என்றால் வேலையைத் தொடங்கிவிட்டேன் என்று பொருள். இரண்டு என்றால் முடித்துவிட்டேன். மூன்று என்றால் சிக்கல், உடனே கூப்பிடவும். அவற்றில் ஒன்றுகூட டிசைன் பிரிவில் எல்லோருக்கும் மூத்தவனான என் போனுக்கு வந்ததில்லை. எல்லாம் ரிசப்ஷனில் போன் எடுக்கும் பெண்ணுக்குத்தான் போயின.

அவளை அப்பாவி என்று நினைத்துவிட வேண்டாம். பி.காம். படித்தவள். வாய் ஓயாது. சிரித்தால் கீழே மெஷின் ஓடும் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். தன்னால் ஆகாத காரியம் என்று ஒன்று இருப்பதாகவே அவளுக்குத் தோன்றாது. எனக்கும் அவளைப் பிடிக்கத்தான் செய்தது. எல்லோருக்கும் பிடித்துப்போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சீசன் உச்சத்தில் பக்கத்துக் கட்டடத்துக் காகிதக் கிடங்கு தீப்பிடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் மாடிச் சுவர் விரிசல் விட்டுவிட்டது. அதைச் சரிசெய்யும்வரை மாடியில் யாரும் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மாடியில்தான் டிசைன் பிரிவு. தலைக்கு மேல் ஆர்டர். அவரவர் கம்ப்யூட்டரை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வேலையைப் பாருங்கள் என்றார் முதலாளி. தொந்தி வைத்த மானிட்டர்களைப் போர்வையில் சுற்றி, லோடு ஆட்டோவில் ஏற்றி, திருத்தங்கலுக்கும் தாயில்பட்டிக்கும் அனுப்பினோம். மேற்பார்வை என்னுடையது. இந்த சீசனை ஒழுங்காகக் கரைசேர்த்தால் பிரிவுத் தலைவர் பதவி எனக்குத்தான் என்று நான் மனக்கோட்டை கட்டிவிட்டேன்.

முதல் வாரமே கோட்டை சரிந்தது. பூச்சட்டி லேபிளை இரண்டு பேர் இரண்டு வீட்டில் உட்கார்ந்து செய்துவைத்திருந்தார்கள். சரவெடி லேபிளை யாரும் தொடவே இல்லை. மாடியில் என்றால், பூச்சட்டியை நான் எடுத்துக்கொண்டேன் என்று ஒருவர் குரல் கொடுத்தால் போதும், அறைக்கே தெரிந்துவிடும். வீட்டில் யாரிடம் குரல் கொடுப்பது? நான் மணிக்கொரு தரம் போன் போட்டு எது எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எல்லோரும் முடியப்போகிறது என்றார்கள். அது என் தவறு என்று இன்றும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முதலாளி என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணையும் வைத்துக்கொண்டே, "நீ லேபிள் படத்தைப் பாருப்பா. ஆளுகள இந்தப் பிள்ளை பாத்துக்கிடட்டும்" என்றார். திட்டியிருக்கலாம்.

மறுநாளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள். மிஸ்டு கால் ஏற்பாடு அவளுடையதுதான். எந்த ஊரில் எப்போது கரண்ட் போகும் என்று கேட்டுவைத்துக்கொண்டு, ஓர் ஊரில் போனால் அவசர வேலையை இன்னோர் ஊருக்கு மாற்றிவிடுவாள். காலையில் கம்பெனிக்குக் கிளம்புவது போலக் குளித்து, உடை மாற்றி, மதியச் சோற்றை டப்பாவில் கட்டிக்கொண்டு மானிட்டர் முன்னால் உட்கார வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். அடுப்படியிலிருந்து நடுவீட்டுக்குக் கட்டுச்சோறா என்று நான் கேலி பேசினேன்.

ஒருநாள் தாயில்பட்டிக்கு நானும் உடன் போக நேர்ந்தது. அங்கே எங்கள் டிசைனர் பெண் திரைக்கும் அடுப்புக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தாள். ரிசப்ஷன் பெண் நேரே அவளுடைய மாமியாரிடம் போய் உட்கார்ந்து, அவர் கொடுத்த டீயைக் குடித்தபடியே பேச்சை எடுத்தாள். "பெரியம்மா, ஒங்க மருமக இங்கன இருந்தாலும் கம்பெனிக்குப் போயிருக்கான்னே நெனச்சுக்கோங்க. சாயங்காலம் வந்துருவா. அப்புறம் எம்புட்டு வேலை வேணும்னாலும் வாங்கிக்கிடுங்க." அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே மருமகள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். நான் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

அடுத்த வாரம், வீட்டில் மானிட்டர் முன்னால் உட்காரப்போன என் கையில் என் மனைவியும் ஒரு டப்பாவைத் திணித்தாள். ரிசப்ஷன் பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனதாம். என் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டாளே என்று பொருமிக்கொண்டே சாப்பிட்டேன். எலுமிச்சைச் சாதம். நன்றாகத்தான் இருந்தது.

ஆர்டர் எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சுவரும் சரியானது. முதலாளி அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பிரிவுத் தலைவர் பதவியும், கண்ணாடிக் கதவு போட்ட தனி அறையும். அவள்தான் முதலில் மிட்டாயோடு வந்து, "இனிமே நீங்கதான் எங்களுக்குப் பெரியாளு அண்ணாச்சி" என்றாள். அவள் முகத்தில் கொஞ்சமாவது பொறாமை தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அறைக்குள் உட்கார்ந்து ஆட்கள் வருவார்கள் என்று காத்திருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் சண்டை, கலர் சரியாக வரவில்லை என்று ஒவ்வொருவரும் அவள் மேசையைச் சுற்றித்தான் நின்றார்கள். எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு என்னிடம் கையெழுத்துக்கு வருவார்கள். இப்போது என் மகள் வீட்டிலேயே லேப்டாப்போடு வேலை செய்கிறாள். வீட்டிலிருந்து வேலை செய்யப் பழக்குவதற்கென்றே அவள் கம்பெனியில் ஒருவரை நியமித்திருக்கிறார்களாம், பெரிய சம்பளமாம். அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. இருந்தும் கேட்டவுடன் பழைய எரிச்சல் வந்துவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு மறு வருஷம் ரிசப்ஷன் பெண்ணுக்குத் திருப்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. வழியனுப்ப எங்கள் பிரிவே சிவகாசி பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டது. நானும் போனேன். ஜன்னல் வழியாக ஒவ்வொருவரிடமும் பேசினாள். என்னிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான், இனி எல்லோரும் என்னிடம் வந்துதானே ஆக வேண்டும். பஸ் திரும்பி மறைந்ததும் தாயில்பட்டிப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரிவுத் தலைவனான என்னிடமே கேட்டாள்:

"அண்ணாச்சி, இனிமே நாங்க ஒரு கஷ்டம்னா யாருகிட்டப் போயிச் சொல்ல?"