ராகு காலத்துக்கு முன் திறந்த திருகு

எங்கள் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் ஒழுகும் வியாதி இருந்தது. என் வீட்டுக்காரர் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் பிட்டர். சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை அந்த வண்டியை அவரிடம் விட்டுவிட்டுப் போனார். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மோட்டார் சைக்கிள் நின்றது எங்கள் வாசலில் மட்டும்தான். ஊர் மெசினையெல்லாம் பழுது பார்க்கிறவரின் சொந்த மெசின் மட்டும் ஒழுகுகிறது என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மெசின் விசயமெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். டேங்கியிலிருந்து பெற்றோல் இறங்கி, காபரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணத்தில் நிற்கும். கிண்ணத்துக்குள் பித்தளையில் ஒரு மிதவை. கிண்ணம் நிறைந்தால் மிதவை எழும்பி, ஊசி ஒன்றைத் தூக்கி வழியை அடைக்க வேண்டும். எங்கள் வண்டியில் அந்த ஊசி தேய்ந்துபோய்ச் சரியாக அடைக்காது. சாமான் தட்டுப்பாட்டுக் காலம், புது ஊசி கொழும்பிலும் இல்லை. அதனால் வண்டி நின்றதும் டேங்கியின் அடியில் இருக்கிற திருகை மூடிவிட வேண்டும். மறந்தால் கிண்ணம் வழிந்து எஞ்சினுக்குள் பெற்றோல் இறங்கும், பிளக் நனையும், உதைத்தாலும் பிடிக்காது. சரிவில் சாய்த்து நிறுத்தினால் இன்னும் மோசம்.

மறக்கிறவர் அவர். மூடுகிறவள் நான். வண்டிச் சத்தம் அடங்கியதும் அடுப்படியிலிருந்து போய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பேன். திருகுக்குள் இருந்த தக்கை காய்ந்து சுருங்கினால் அதைக் கழற்றி வெந்நீரில் ஊறப்போடுவதும் என் வேலைதான். மிதவையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவும் வெந்நீர்தான். அமுக்கிப் பிடித்தால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும்.

என் அம்மா மாத்தளைக்கு அந்தப் பக்கம் வேறொரு தோட்டத்தில் தம்பியோடு இருந்தார். அவர்களுக்கு இந்தியாவுக்கே போய்விடச் சொல்லி அரசாங்கக் கடிதம் வந்தது. எங்கள் பேர் அதில் இல்லை. கடைசியாகப் போய்ப் பார்த்தபோது வீடு நிறைய ஆட்கள். பானை, அம்மிக்கல் எல்லாம் யாருக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச இடமில்லை. “ஸ்டேசனுக்கு வந்துரு புள்ள. அங்க ஒக்காந்து பேசிக்குவோம்” என்றார் அம்மா.

மாத்தளையிலிருந்து ரயில் திங்கட்கிழமை பத்தரைக்கு. காலை ஆறு மணி பஸ்ஸில் நான் போயிருக்கலாம். தனியாக டவுனுக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை. கண்டக்டரிடம் வாய் திறந்து டிக்கட் கேட்க வேண்டும் என்று நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய், எட்டு மணிக்குத்தான் அனுமதி வாங்கி வர முடியும். எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கு ஸ்டேசன், அம்மாவோடு ஒரு மணி நேரம் இருக்கலாம் என்று முடிவு செய்தோம்.

ஆனால் திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. ராகு காலத்துக்கு முன்பே பையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டால் பயணம் தொடங்கிய கணக்கு. பிறகு எப்போது புறப்பட்டாலும் குற்றமில்லை.

ஏழேகாலுக்குப் பையைக் கொண்டுபோய் வண்டியில் மாட்டினேன். அவர் விடியற்காலையிலேயே வண்டியை வெளியே தள்ளி, வாசல் சரிவில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். பை மட்டும் போனால் போதுமா, வண்டியும் கிளம்பினதாக இருக்கட்டும் என்று தோன்றியது. குனிந்து திருகைத் திறந்துவிட்டேன். ஐந்தாறு வருசமாக மூடிய கை அது. அன்றைக்குத் திறந்தது. திறந்துவிட்டு உள்ளே போய் அம்மாவுக்குச் சோறு கட்டினேன்.

அவர் வந்து குளித்துக்கொண்டிருக்கும்போது வெளியே வந்து பார்த்தேன். வண்டியின் கீழே மண் கறுப்பாக நனைந்திருந்தது. காபரேட்டர் சொட்டிக்கொண்டிருந்தது. திருகை மூடினேன். விரலெல்லாம் நனைந்தது. சேலையில் துடைத்துக்கொண்டேன்.

அவர் வந்து உதைத்தார். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தார். குனிந்து திருகைப் பார்த்தார்.

“மூடித்தானே இருக்கு. பொறகு எப்படி ஒழுகுது?” என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, நாலு உதை உதைத்து எஞ்சினை உலர்த்திப் பத்து நிமிசத்தில் எடுத்திருப்பார். அவர் திட்டுகிற ஆளும் இல்லை. ஆனாலும் நான் தூணோடு தூணாக நின்றேன். மூடியிருக்கும்போதே ஒழுகுகிறதென்றால் தக்கை போயிருக்கும் என்று திருகைக் கழற்றினார். பிறகு கிண்ணத்தைத் திறந்து மிதவைக்குள் பெற்றோல் இறங்கியிருக்கிறதா என்று காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். அவர் கேட்ட ஸ்பேனர் சாவியை நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிக் கடைசியில்தான் பிளக்குக்கு வந்தார்.

வண்டி பிடித்தபோது ஒன்பது இருபத்தைந்து. ராகு காலம் நன்றாக முடிந்துவிட்டிருந்தது.

வழியில் என்ன பார்த்தேன் என்று நினைவில்லை. ஸ்டேசனில் ரயில் பெட்டியெல்லாம் அடைத்துவிட்டார்கள். பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். தம்பி சன்னலில் தலையை நீட்டி, “அக்கா, இன்னங்கொஞ்சம் பொறுத்து ராமேஸ்வரத்துக்கே வந்திருக்கலாமே” என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

சோற்றுப் பொட்டலத்தை உள்ளே கொடுத்தேன். அம்மா பொட்டலத்தோடு என் கையையும் சேர்த்துப் பிடித்தார். என்னவோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கையை மூக்கருகில் கொண்டுபோனார்.

“என்னடி கை இப்படி பெற்றோல் நாறுது. சீயக்கா போட்டுக் கழுவு” என்றார்.

சரிம்மா என்றேன். ரயில் நகர்ந்தது. சிலர் கூடவே ஓடினார்கள். நான் ஓடவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. சோறு முழுக்க அந்த வாடை ஏறியிருக்குமே என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அம்மாவை நான் பார்க்கவில்லை. மூன்று கடிதம் வந்தது, தம்பியின் கையெழுத்தில். நாலாவது கடிதத்தில் அம்மா இறந்துவிட்டார் என்று இருந்தது. அதைப் படித்தபோதும் அழுகை வரவில்லை.

ரயில் போன அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அவர் சட்டையைக்கூட மாற்றாமல் மிதவையைக் கழற்றினார். வெந்நீர் வைக்கச் சொன்னார். வைத்தேன். சட்டியில் மிதவையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

“ஓட்ட இல்லையே” என்றார். “காலையில பார்த்தேன், தக்கையும் நல்லாத்தான் இருக்கு.”

கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மிதவையைத் துடைத்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். திருகை அவரே மூடுகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு எந்த நாளும் அவர் அதை மறக்கவில்லை.

சட்டியில் இருந்த வெந்நீரைக் கொட்ட மனமில்லை. சீயக்காய்த் தூளை எடுத்து, அதே தண்ணீரில் கை கழுவினேன்.