தாம்பாளத்தில் கலந்த மாத்திரைகள்

ஆஸ்பத்திரி சிஸ்டர் மாத்திரை எண்ண வரும் நாளில் எனக்குக் காலையிலேயே வேலை ஓடாது. தப்பு செய்வதற்கு முன்பும் அப்படித்தான், செய்த பிறகும் அப்படித்தான். பயப்படுவதற்கு எனக்குத் தனியாக ஒரு காரணம் வேண்டியதில்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்தினாலே ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைப்பவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். எதிர் வீட்டு அக்கா நெமிலிச்சேரியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பிளாக்கில் அவள் ஒருத்திதான் உள்ளூர்க்காரி. இரண்டு வீட்டு ஆண்களுக்கும் ஒரே தொழிற்சாலை; என் கணவர் மெஷின் ஷாப், அவள் கணவர் ஃபவுண்டரி. அவள் வீட்டுக் கிண்ணம் எங்கள் வீட்டிலும், எங்கள் கிண்ணம் அவள் வீட்டிலும்தான் பாதி நாள் கிடக்கும். குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது குவார்ட்டர்ஸில் எழுதாத சட்டம். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத் தருவோம். இரண்டு ஆண்களுக்கும் சர்க்கரை வியாதி என்று தெரிந்த பிறகு அது பொட்டுக்கடலையாக மாறியது.

தெரிந்தது ஒரு முகாமில். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலிருந்து வேன் வந்து, கம்யூனிட்டி ஹாலில் மேஜை மேஜையாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மேஜையில் இளைப்பு, ஒன்றில் ரத்தக் கொதிப்பு, ஒன்றில் கண். ஒவ்வொரு துறையும் ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. சர்க்கரை மேஜையில் இருந்த டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தாலும் பொறுமைசாலி. எங்கள் நான்கு பேரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"மாத்திரை ரெண்டு விதம். ஒண்ணுல மருந்து இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சீல் வெச்ச கவர்ல இருக்கு. உங்க பாட்டில்ல உங்க நம்பர் இருக்கும். அதுலேர்ந்து மட்டும்தான் சாப்பிடணும்."

நான்கு தலைகளும் ஆடின. கையெழுத்தும் போட்டோம். மருந்தே இல்லாத மாத்திரையை எந்த ஆஸ்பத்திரியாவது கொடுக்குமா, பாடத்தில் இருந்ததை ஒப்பிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். மாதம் அறுபது மாத்திரை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது சிஸ்டர் வீட்டுக்கு வந்து மிச்சத்தை எண்ணிப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். பிறகு புதுப் பாட்டில் வரும்.

முதல் மாத ரத்தப் பரிசோதனையில் எதிர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. என் கணவருக்கு இருந்த இடத்திலேயே நின்றது. என் மாமனார் இதே சர்க்கரையால் காலில் புண் வந்து, அது முழங்கால்வரை ஏறி, திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் செத்துப்போனவர். அந்தப் புண்ணின் வாடை என் மூக்கைவிட்டுப் போனதே இல்லை. இவரும் அப்படித்தான் போகப்போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள் அக்கா. "எங்க ஊட்டு மாத்திரை நல்லாத்தான் கேக்குது. இந்தா, ஒரு பத்து எடுத்துக்க."

"பத்து குறைஞ்சா சிஸ்டர் எண்ணும்போது மாட்டிக்குவீங்களே அக்கா."

"ஆமால்ல. அப்ப இன்னா பண்றது?"

பயந்தவளுக்குத்தான் குறுக்குப் புத்தி வேகமாக வேலை செய்யும். புதுப் பாட்டில் வந்த அன்று இரண்டையும் என் வீட்டுத் தாம்பாளத்தில் கொட்டச் சொன்னேன். நூற்றிருபது வெள்ளை மாத்திரை. அரிசி களைவது போலக் கையைவிட்டுக் கலந்தேன். பிறகு ஆளுக்கு அறுபது எண்ணி அவரவர் பாட்டிலில் போட்டோம். கணக்கு உதைக்காது, யாருக்கும் குறையாது, நல்ல மாத்திரை இரண்டு வீட்டுக்கும் சமமாகப் போகும். அந்த யோசனை என்னுடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆண்களிடம் சொல்லவில்லை. அவர்கள் உள்ளங்கையை நீட்டுவார்கள், நாங்கள் மாத்திரையை வைப்போம். அதோடு சரி. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் தாம்பாளம் எடுத்தேன். என் கணவருக்குச் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. டாக்டர் முதுகில் தட்டி அனுப்பினார். எதிர் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. "இட்லிய கொறை நைனா" என்று அக்கா அவரை மிரட்டினாள். அவர் அப்போது லேசாகச் சாய்ந்து நடக்க ஆரம்பித்திருந்தார். கேட்டால், தொழிற்சாலையில் கொடுத்த புது ஷூ கடிக்கிறது என்பார். நான் என் வீட்டுக்காரரின் காலை மட்டும் தினமும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டர் வருவார். மிச்சத்தைத் தட்டில் கொட்டி, விரலால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுவார். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வீட்டுக்குள்ளேயே பயம். "கரெக்டா இருக்கு. உங்க ரெண்டு வீட்டையும்தான் டாக்டர் உதாரணமா சொல்றாரு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

புரட்டாசி மாதம் சனிக்கிழமை விரதத்தை என் கணவர் விடமாட்டார். மூன்றாவது சனிக்கிழமை திருமழிசைப் பெருமாளைப் பார்க்கக் கிளம்பினோம். அக்காவும் கூட வந்தாள். அவள் கணவருக்கு அன்று டியூட்டி. தரிசனம் முடித்துத்தான் சாப்பாடு என்பதால் இவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாத்திரையை மட்டும் தவறாமல் நான் கொடுத்தேன். அதில் நான் ரொம்பக் கண்டிப்பு.

வரிசையில் நிற்கும்போது அவர் சட்டை முதுகோடு ஒட்டியது. கை நடுங்கியது. "பசி பிள்ள, வேற ஒண்ணுமில்ல" என்றார். அடுத்த நிமிஷம் முன்னால் நின்றவர் மேல் சாய்ந்து, அப்படியே தரையில் சரிந்தார். கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. கூட்டம் விலகி வட்டமாக நின்றது. நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது வாழ்நாளில் அன்று ஒருநாள்தான்.

அக்காதான் ஆட்டோ பிடித்தாள். முகாமுக்கு வந்த அதே ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் சர்க்கரை நோயாளி என்று சொன்னதுமே ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "செருப்ப அங்கயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினேன். குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை சரியாக இருப்பதாகச் சொன்னார்கள்.

தகவல் தெரிந்து ஆராய்ச்சி டாக்டர் ஃபைலோடு வந்தார். ஆபத்து என்றால் கவரைப் பிரிக்கலாமாம். எங்கள் முன்னாலேயே பிரித்தார். படித்ததும் முகம் தெளிந்தது.

"இவருக்கு வந்தது மருந்து இல்லாத மாத்திரைம்மா. அது சர்க்கரையை இறக்காது. பட்டினி, வெயில், கூட்டம், அதான் மயக்கம். வேற ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?"

"இல்ல சார்."

அந்த 'இல்ல' என் வாயிலிருந்து தானாக வந்தது. மருந்தில்லாத மாத்திரை. அப்படியானால் இவரைச் சாய்த்தது எதிர் வீட்டு மாத்திரைதான். சொன்னால் ஆராய்ச்சியைக் கெடுத்தவள் என்று இரண்டு வீட்டையும் வெளியே தள்ளுவார்கள், போலீஸ்கூட வரலாம், தொழிற்சாலைக்கு எழுதிவிடலாம். ஒரு நொடியில் எங்கெங்கோ போய்வந்தேன். அக்காவைப் பார்த்தேன். அவளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பிட வெச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

இட்லி வாங்கிக் கொடுத்தேன். இரண்டரை மணிக்குப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஆவடி பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தோம். அவர் மேலுதட்டில் முதலில் பொடிப் பொடியாக வேர்வை அரும்பியது. துடைத்தேன். மறுபடி வந்தது. சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"என்ன தேடுதீங்க?"

"டோக்கன். ஷிப்டுக்கு நேரமாச்சு." பிறகு என்னை நேராகப் பார்த்து, மரியாதையாக, "நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டார்.

என்னோடு பத்து வருஷம் வாழ்ந்த மனிதர்.

"வெயில்தான் அக்கா. வீட்டுக்குப் போனா சரியாயிடும்" என்றேன். நான்தான் சொன்னேன். புருஷன் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறார், எனக்கு டாக்டர்மேல்தான் பயம்.

"வெயிலா? நெழல்ல குந்திகினு கீறோம். மூஞ்சப் பாரு, காலையில வந்த அதே வேர்வை." அக்கா எழுந்தாள். "நம்ம மாத்திரைதான் இது. நான் போய் சொல்லிடறேன்."

அவள் முந்தானையைப் பிடித்தேன். "வேணாம்க்கா. சொன்னா உங்க வீட்டுக்காரருக்கும் மாத்திரைய நிறுத்திருவாங்க. அவருக்குத்தான் நல்லா கேக்குது."

"நிறுத்துனா நிறுத்தட்டும். உசுரவிடவா?" முந்தானையை வெடுக்கென்று உருவிக்கொண்டு ஆட்டோ பார்க்க ஓடினாள்.

திரும்பவும் அதே கட்டில். டாக்டர் ஓடி வந்தார். அக்கா மூச்சு வாங்க நின்று சொன்னாள்: "சார், ரெண்டு ஊட்டு மாத்திரையையும் ஒண்ணா கொட்டி கலந்துக்கினோம் சார். மூணு மாசமா. என் யோசனைதான். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொன்னதத்தான் செஞ்சுது."

டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ரெண்டு நாள் டிரிப் நிறுத்தக் கூடாது, மணிக்கொரு தடவை சர்க்கரை பார்க்கணும்" என்று நர்சிடம் சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். அந்த மருந்து உடம்பில் நெடுநேரம் நிற்குமாம். குளுக்கோஸ் தீர்ந்ததும் சர்க்கரையை மறுபடி இழுத்துக்கொண்டு போகுமாம். கலந்த மாத்திரையில் அடுத்தடுத்து மருந்துள்ளதாகவே வந்திருக்க வேண்டும், மேலே பட்டினி வேறு என்றார். "வீட்டுக்குப் போய்த் தூங்கியிருந்தார்னா, தூங்குறார்னுதாம்மா நீங்க நினைச்சிருப்பீங்க."

நான் தலையாட்டினேன். யோசனை என்னுடையது என்று சொல்ல வாய்வரை வந்தது. வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"உங்க வீட்டுக்காரரை நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார் அக்காவிடம்.

மறுநாள் இவருக்கு நினைவு தெளிந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரரும் வந்தார். அவருடைய கவரையும் பிரித்தார்கள். மருந்துள்ள மாத்திரைதான் அவருக்கு. அதில் பாதியை மூன்று மாதம் நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். டாக்டர் ஷூவைக் கழற்றச் சொன்னார். சாக்ஸ் உரிந்து வரவில்லை, ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி நனைத்து எடுத்தார்கள். வார்டுக்கு வெளியே நின்றிருந்த எனக்கு முதலில் வந்தது அந்த வாடைதான். ஹைகிரவுண்ட் வாடை. எந்த வாடைக்குப் பயந்து தாம்பாளத்தை எடுத்தேனோ அது எதிர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இடது காலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். அதே ஆஸ்பத்திரியில், வேறு மாடியில். கால் தப்பியது. ஆராய்ச்சியிலிருந்து இரண்டு பேரையும் நீக்கினார்கள். ஆனால் மாத்திரை நிற்கவில்லை, பெயர் எழுதிய சீட்டில் வெளிப்படையாகவே கொடுத்தார்கள். போலீஸும் வரவில்லை, தொழிற்சாலைக்கும் யாரும் எழுதவில்லை. நான் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை.

அவர் வீடு திரும்பிய நாலாம் நாள் கிண்ணத்தில் ரசம் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அக்கா கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவருக்குப் பொங்கிவிட்டது.

"நீயே சொல்லும்மா. இவளுக்கு ஏன் இப்டி புத்தி போச்சு? என் மாத்திரைய என்னக் கேக்காம கலந்து வெச்சிருக்கா. உன் ஊட்டுக்காரரயும் கொல்லப் பாத்தா, என் வெரலும் போச்சு. படிச்ச பொண்ணு நீ, அன்னிக்கே இவ கைய பிடிச்சிருக்கக் கூடாதா?"

அக்கா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொல்வேனா என்று பார்த்தாள், அவ்வளவுதான். வெங்காயத்தில் அவள் கண் கலங்கியிருந்தது. ரசக் கிண்ணம் என் கையில் சுட்டது.

"அண்ணாச்சி, உங்களுக்குச் சர்க்கரை போடாம காபி கொண்டுவரட்டுமா?" என்று கேட்டேன்.