எப்போது கொடுப்பது?

ஜனவரி பத்தொன்பது, திங்கட்கிழமை, காலை எட்டு இருபது. வெயில் இன்னும் உறைக்கவில்லை. கரிசல் காட்டுப் பக்கமிருந்து குளிர்காற்று. கோவில்பட்டியில் என் தங்கை வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "ஏலே குமரா, வாரியாலே?" என்றார் ஓட்டுநர் மாரியப்பன். இது இன்னும் எனக்குப் பழகவில்லை. ஊருக்கு வந்து மூன்றே வாரம். அதற்குள் தெருவே என் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. மெல்பர்னில் அவனை ஏற்றிப்போகும் வேனுக்கு இதுவரை பதினோரு ஓட்டுநர்கள். எல்லோரும் பயிற்சி பெற்ற நல்லவர்கள்தான். ஆனால் தெருவில் அவனைக் கூப்பிட ஆளில்லை.

குமரனுக்கு முப்பத்தொரு வயது. ஆட்டிசம், பேச்சு இல்லை. ஆறு மாதம் ஊரில் இருக்கட்டும் என்று அழைத்துவந்து, பகல்நேரச் சிறப்பு மையம் ஒன்றில் சேர்த்தேன். இரண்டாம் வாரமே, மெல்பர்னில் எப்போதோ நின்றுபோன பழக்கம் திரும்பியது. தன் கையைத் தானே கடித்தான். எண்ணிப் பார்த்தேன். ஒரு நாளில் எட்டுக் கடி, எட்டுக் கடலைமிட்டாய். அவன் கடிக்கும்போதெல்லாம் யாராவது மனம் பொறுக்காமல் வாயில் ஒரு துண்டை வைத்துவிடுகிறார்கள். ஆட்டோவில் மாரியப்பன், மையத்தில் ஆயா, வீட்டில் என் தங்கை. கடித்தால் மிட்டாய் என்று ஊரே அன்போடு பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

கடிக்கும்போது கொடுக்காதீர்கள் என்று மூன்று இடத்திலும் சொன்னேன். மாரியப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மிட்டாய்க்கு நான் காசா கேட்டேன் அண்ணாச்சி? பிள்ளை கையக் கடிச்சிக்கிட்டு அழுவுதான், பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுதீங்க. வெளிநாட்டுல இருந்தா மனசு இப்படியா ஆயிரும்?"

மிட்டாய் நின்றது, கடி கூடியது. வெள்ளிக்கிழமை ரத்தமே வந்துவிட்டது. இனியும் இப்படியென்றால் கைகளைத் துண்டால் நாற்காலியோடு கட்டவேண்டியிருக்கும், இல்லையென்றால் அனுப்பாதீர்கள் என்றார் மையத்தை நடத்தும் புஷ்பம் டீச்சர். கட்டுவதா என்றேன். "கட்டிப்போட எனக்கு மட்டும் ஆசையா சார்? குடுக்காதீங்க, குடுக்காதீங்கன்னுதான் சொல்லுதீங்க. எப்பக் குடுக்கணும்னு சொல்லவே இல்லையே."

மெல்பர்னில் இதற்கு நடத்தை ஆதரவுத் திட்டம் என்று கட்டுக் காகிதம் தருவார்கள். சாரம் சின்னதுதான். கடிப்பது அவன் ஏதோ கேட்கும் வழி. அதையே கேட்க வேறு வழி பழக்கு. அவன் போகிற எல்லா இடத்திலும் எல்லோரும் ஒரே மாதிரி நடக்கட்டும். அங்கே ஒரு பச்சை அட்டையைத் தொட்டுத்தான் அவன் ஆப்பிள் கேட்பான். சொந்த ஊரில் அட்டை எதற்கு என்று நான்தான் அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். அங்கே அந்தத் திட்டம் எல்லோருக்கும் மின்னஞ்சலில் போகும். வாரக்கடைசியில் வரும் பணியாளர் அதைப் படித்திருக்கமாட்டார். இங்கே சனிக்கிழமை காலை அட்டைக்கு மூன்று நகல் எடுத்தேன். இதைத் தொட்டால் கொடுங்கள் என்று விளக்கியபோது மாரியப்பன் சிரித்தார். "இதை முதல்லயே சொல்லதுக்கென்ன?" மதியத்துக்குள் டீச்சர், ஆயா, என் தங்கை மூவருக்கும் அவரே சொல்லி முடித்துவிட்டார்.

இந்தத் திங்கட்கிழமை ஆட்டோவில் ஏறியதும் குமரனின் கை வாய்க்குப் போனது. மாரியப்பன் அட்டையை அவன் முன்னால் நீட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினான்கு வரும்போது கை இறங்கியது. குமரன் இடது விரலால் மெல்பர்ன் அட்டையைத் தொட்டான். வலது உள்ளங்கையைக் கோவில்பட்டி மிட்டாய்க்கு விரித்தான்.

மிட்டாய்க்கு மாரியப்பன் காசு வாங்கவில்லை. மூன்று அட்டைக்கும் சேர்த்து எனக்கு ஆன செலவு தொண்ணூறு ரூபாய்.