கொலை அலுமாரியின் வாசகர்கள்

நூலகத்தில் வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே இருந்து புத்தகம் வாசிக்கிற வேலை என்று நினைக்கிறவர்கள், தயவுசெய்து ஒரு கிழமை என்னுடைய கதிரையில் வந்து இருந்து பார்க்கவேண்டும். புத்தகம் கொடுத்து வாங்குகிற தொழிலில் மாரடிக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. "போன முறை கொண்டுபோன புத்தகத்தைப் போல, ஆனால் வேற ஒண்டு தாருங்கோ" என்று கேட்கிறவர்கள் உங்களிடமும் வந்திருப்பார்கள். நான் ஊர்காவற்றுறையில், இறங்குதுறைக்குப் போகிற வீதியில் உள்ள ஒரு சின்ன நூலகத்துக்குப் பொறுப்பு. நாரந்தனையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறேன். இங்கே எழுதுவதெல்லாம் அந்த நூலகத்தில் உள்ள ஒரே ஒரு அலுமாரியால் எனக்கு நேர்ந்தவை.

பெயர் வந்த விதம்

கொழும்பில் கடை வைத்திருந்து பிறகு கனடாவுக்குப் போய்விட்ட ஒருவருடைய வீடு எங்கள் பக்கத்தில் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் அதை விற்க வந்தபோது, உள்ளே இருந்த புத்தகப் பெட்டிகளை நூலகத்துக்குத் தந்துவிட்டுப் போனார்கள். சமய நூல்களாக இருக்கும் என்று நினைத்துத் திறந்தால் எல்லாம் துப்பறியும் நாவல்கள். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து மாதாமாதம் வந்த, மட்டையில் ஒரு துப்பாக்கியும் பயந்துபோன ஒரு பெண்ணும் இருக்கிற மெல்லிய புத்தகங்கள். கடைக்காரர் அவற்றை நூல் போட்டுக் கட்டி, பழுதாகாமல் வைத்திருந்தார். மற்றத் தட்டுகளில் இடம் இல்லாததால் வாசலுக்குப் பக்கத்தில் நின்ற கண்ணாடி அலுமாரியில் அடுக்கிப் பூட்டி, "துப்பறியும் இலக்கியம்" என்று எழுதி ஒட்டினேன். எழுத்து வடிவாக வரவேண்டும் என்று இரண்டு தரம் எழுதினேன்.

முதலில் வந்தவர் அருளப்பு அண்ணை. கடற்றொழிலாளி. வள்ளத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்த பிறகு கடலுக்கு மகன்மார் போகிறார்கள். இவர் நூலகத்துக்குப் பேப்பர் பார்க்க வருகிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நான் ஒட்டியதை எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்தார். பிறகு உள்ளே இருந்த எல்லாரும் தலை நிமிர்ந்து பார்க்கும்படி கேட்டார்: "மிஸ், உந்தக் கொலை அலுமாரியின்ர திறப்பைத் தாறியளோ?"

கறையான் தின்ற கொலைகாரன்

அந்தப் புத்தகங்களில் ஒன்றின் கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. நான் கவனிக்கவில்லை. அருளப்பு அண்ணை கொண்டுபோய், அடுத்த நாள் நான் வந்து கதவு திறக்கும்போது படியில் இருந்தார். தேயிலைத் தோட்டத்து பங்களாவில் ஒரு பணக்காரர் செத்துக் கிடக்கிறார். தம்பி, டாக்டர், வக்கீல், சமையல்காரி என்று நாலு பேரில் சந்தேகம். துப்பறிகிறவர் எல்லாரையும் ஹோலுக்குக் கூப்பிட்டு, "கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறார்" என்கிறார். அந்த இடத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த நூலகங்களுக்கெல்லாம் போன் எடுத்துக் கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. அண்ணை புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. கடற்கரையில் வலையைச் சிக்கெடுத்துத் தெரிகிற இடத்தில் அது கை மாறி மாறிப் போனது. அவருடைய சிநேகிதர்கள் வாதாடினார்கள், சண்டையும் பிடித்தார்களாம். கடைசியில் வக்கீல்தான், அவர்களுடைய பேச்சில் அப்புக்காத்துதான், செய்தது என்று தீர்ப்பாகிப் புத்தகம் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் விஷயம் நடந்தது. இப்போது பழைய நாவல்களை எல்லாம் தோண்டி எடுத்து இணையத் தொடராக்குகிறார்கள் அல்லவா, அதில் இந்தக் கதையும் அகப்பட்டுவிட்டது. அண்ணையின் மகள் தன்னுடைய போனில் போட்டுக் காட்டினாள். நானும் வீட்டில் இருந்து பார்த்தேன். கொலை செய்தது டாக்டர். எனக்கு ஒரே கவலை. மனுசன் எத்தனை நாள் எத்தனை பேரோடு வாதாடி முடிவு செய்த விஷயம். அடுத்த முறை வந்தபோது மெல்லக் கேட்டேன். அண்ணை கொஞ்சமும் கலங்கவில்லை. "பார்த்தனான் மிஸ். படம் எடுத்தவங்கள் பிழை விட்டிட்டாங்கள். அப்புக்காத்துதான் செய்தது."

வில்லன் பேசிய தமிழ்

முந்தி வாசகர்கள் புத்தகத்தின் பெயரோடு வருவார்கள். இப்போது போனோடு வருகிறார்கள். திரையை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இந்தச் சீரிஸின்ர புத்தகம் இருக்கோ" என்று கேட்பார்கள். பாதித் தொடர்களுக்குப் புத்தகமே கிடையாது என்று சொன்னால் நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைப்பார்கள். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். போனில் கொலையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அலுமாரியைத் திறந்து விட்டால் வெறுங்கையோடு போவதில்லை. சிலர் அங்கிருந்து நகர்ந்து சிறுகதைத் தட்டு வரைக்கும் வந்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிற சுபாஷினி அப்படி வந்தவள். பஸ்ஸில் வாசிப்பாள், படகில் வாசிப்பாள். இந்தியாவில் எடுத்த ஒரு தொடரில் கூலிக்குக் கொலை செய்கிறவன் யாழ்ப்பாணத்தான் என்று கேள்விப்பட்டு இங்கே எல்லாரும் ஆவலாகப் பார்த்தோம். எங்களை ஏன் எப்போதும் அந்த வேலைக்கு எடுக்கிறார்கள் என்ற கோபம் ஒரு பக்கம், எங்களுடைய தமிழைத் திரையில் கேட்கப்போகிறோம் என்ற ஆசை ஒரு பக்கம். அவன் வாய் திறந்தான். வசனத்துக்கு வசனம் "கண்டியளோ, கண்டியளோ" என்றான், மிச்சமெல்லாம் சென்னை. சுபாஷினி வேலை முடிந்து வெள்ளை உடுப்போடு நேரே நூலகத்துக்கு வந்தாள். அவனுக்குப் பேசப் பழக்கினவர் சரியாகப் பழக்கவில்லைப் போல என்று நான் சமாதானம் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. "அவன் வாய் திறந்த உடனையே பிடிச்சிருக்கலாம் அக்கா. பொலிஸ் ஏன் அவ்வளவு எபிசோட் மினக்கெட்டது?"

சிஸ்டரின் துணிப்பை

எங்கள் வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், நூலகத்தின் கூரையைத் திருத்துவதற்கு அலைந்தவர். அவருடைய பேரன் சாப்பாட்டு மேசையில் இருந்து, நஞ்சு வைத்தால் எத்தனை மணித்தியாலத்தில் ஆள் சாகும் என்று தாயைக் கேட்டிருக்கிறான். அதிபர் கலங்கிப்போய்க் கூட்டத்தில் பேசினார். போனில் பார்ப்பதை எங்களால் தடுக்க ஏலாது, நூலகத்திலாவது அந்த அலுமாரி வேண்டாம் என்றார். சிலர் தலையாட்டினார்கள். அந்த அலுமாரி போனால் அருளப்பு அண்ணையும் அவருடைய சிநேகிதர்களும் போய்விடுவார்கள். பிறகு நானும் மின்விசிறியும்தான்.

நான் பேச எழும்ப முன்னம் சிஸ்டர் மெற்றில்டா எழும்பினார். கன்னியர்மடத்தில் இருப்பவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் துணிப்பையோடு வந்து, ஒரு புனிதரின் வரலாற்றுக்குக் கீழே ஒரு துப்பறியும் நாவலை வைத்துக் கொண்டுபோவார். எனக்கு மட்டும்தான் அது தெரியும். அன்றைக்கு அவர் பையைத் திறந்து இரண்டையும் மேசையில் வைத்தார். "நான் இதையும் வாசிக்கிறனான், அதையும் வாசிக்கிறனான். ஒருத்தரைக் கொலை செய்துபோட்டு ஒருத்தரும் கேக்காமல் தப்பிப் போற கதை ஒண்டும் இந்த அலுமாரியில நான் காணேல்லை. ஒரு உயிர் போனால் ஏன் எண்டு கேக்க ஒரு ஆள் வேணும் எண்டு பிள்ளையள் படிச்சால் என்ன குறை?" என்றார். அலுமாரி இருக்கட்டும், சிறுவர் பகுதியிலிருந்து மட்டும் தள்ளி வைப்பதென்று முடிவாயிற்று. வெளியே சைக்கிளை எடுக்கும்போது அதிபர் என்னிடம் சொன்னார்: "சிஸ்டரே வாசிக்கிறா எண்டால் நான் என்னத்தைக் கதைக்கிறது, பிள்ளை."

பொலிஸ் நிலையம்

இங்கேயும் இப்போது துப்பறியும் தொடர் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் சிலர், தங்கள் தங்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கமராவோடு வந்தார்கள். கதைக்கு ஒரு பொலிஸ் நிலையம் வேண்டும். உரிய இடத்தில் அனுமதி எடுத்து, ஒரு சனி ஞாயிறு எங்கள் நூலகத்தைப் பொலிஸ் நிலையம் ஆக்கினார்கள். வாசலில் பெயர்ப்பலகை தொங்கியது. படலை வரைக்கும் வந்த வாசகர்கள் பலகையைப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்கள்.

பரமேஸ்வரி அம்மா மட்டும் உள்ளே வந்தார். அவர் என்னுடைய ஊர். போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போன மகன் நிமலன் திரும்பி வரவில்லை. அவர் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. கொலை அலுமாரிக்கு வந்தால் ஆள் காணாமல் போகிற கதையாகப் பார்த்துக் கேட்பார். ஆரம்பத்தில் எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. "தாரும் பிள்ளை, இதில கடைசியிலயாவது ஆள் எங்கை எண்டு சொல்லுறாங்கள்" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். அன்றைக்கு நடிகர்களுடைய பொலிஸ் யுனிபோமைக் கண்டு வாசலில் நின்றுவிட்டார். நான் ஓடிப்போய், "அம்மா, இது நடிப்பு" என்றேன். "தெரியும் பிள்ளை, நான் புத்தகம் குடுக்க வந்தனான்" என்றார்.

இன்ஸ்பெக்டராக நடித்தவர் மண்டைதீவுக்காரர், யாழ்ப்பாணம் ரவுணில் போன் திருத்துகிற கடையில் வேலை. அந்த நேரம் படப்பிடிப்பு இடைவேளை. அம்மாவைக் கண்டதும் எழும்பி, "வாங்கோ அம்மா, இருங்கோ" என்று தனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். அம்மா இருந்தார். இன்ஸ்பெக்டரின் தோளில் இருந்த பட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கேட்காமலே சொல்லத் தொடங்கினார். மகனின் பெயர், புருவத்தில் இருந்த வெட்டு, போன அன்றைக்குப் போட்டிருந்த நீலச் சேட். வயர் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். கமராக்காரர் கமராவை மூடி நிலத்தில் வைத்தார். நடிகர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "சாப்பாட்டில என்ன விருப்பம் அம்மா அவருக்கு?" என்று கேட்டார். அம்மாவின் முகம் அப்படியே மாறியது. "கணவாய்க் கறி. கணவாய் எண்டால் கோப்பையை வழிச்சுச் சாப்பிடுவான்" என்று சொல்லிச் சிரித்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எடுக்க வேண்டிய காட்சி கைவிட்டுப் போனது. இயக்குநரும் ஒரு பெட்டியின் மேல் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா வேறு புத்தகம் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவருடைய மனதைக் கிளறிவிட்டோமோ என்ற பயத்தில் நானும் படலை வரைக்கும் போனேன். அவர் குடையை விரித்துக்கொண்டு சொன்னார்: "இத்தினை வருசத்தில கதிரை தந்து கேட்டது இந்தத் தம்பிதான், பிள்ளை. நடிப்பெண்டாலும் நல்லாயிருந்தது."

செத்தவர் யார்

சுபாஷினிக்கு அந்தக் 'கண்டியளோ' வில்லன் மேல் இருந்த கோபம் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் கிடைத்த ஓய்வு நேரங்களில் தானே ஒரு துப்பறியும் நாவல் எழுதிவிட்டாள். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகிற படகில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் செத்துக் கிடக்கிறார். அவர் நெடுகப் புறுபுறுத்துக்கொண்டு, கேட்டவர்க்கும் கேட்காதவர்க்கும் சீனியை அள்ளிப் போடுகிறவர். யாழ்ப்பாணத்தில் அச்சடித்து, எங்கள் நூலகத்தில்தான் வெளியீடு வைத்தோம். கொலை அலுமாரியில் எங்கள் ஊர்ப் பிள்ளை எழுதிய புத்தகத்தை வைத்து அதன் கண்ணாடியைத் துடைத்தபோது, பெட்டி பெட்டியாகத் தந்துவிட்டுப் போன அந்தக் கனடாக் குடும்பத்தை மனதுக்குள் கும்பிட்டேன்.

இறங்குதுறையில் உண்மையாகவே ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. செல்வராசா அண்ணையின் கடை. அவர் புறுபுறுப்பதும் சீனி போடுவதும் ஊருக்கே தெரியும். அவர் புத்தகத்தை இரவல் எடுத்துக்கொண்டு போனதும் சுபாஷினி என்னிடம் ஓடிவந்தாள். "கோவிச்சுப்போடுவாரோ அக்கா? நான் அவரை நினைச்சுத்தான் எழுதினனான்" என்றாள். ஒரு கிழமை இரண்டு பேரும் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் அவள் நூலகத்தில் இருக்கிற நேரம் பார்த்து அவர் வந்துவிட்டார். புத்தகத்தை மேசையில் வைத்து, பின்மட்டையில் இருந்த அவளுடைய படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "செத்தது நான்தான் எண்டு கடைக்கு வாற எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், பிள்ளை. இனி அதை மாத்தாதையும்."

ஊருக்கெல்லாம் கொலைகளை இரவல் கொடுத்துவிட்டு, பின்னேரம் வாசகர்கள் அன்பாகத் தந்துவிட்ட மீனையும் முருங்கைக்காயையும் ஸ்கூட்டியில் கொழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகிற எனக்கு, இந்த உத்தியோகத்தைப் பற்றி முறைப்பாடு சொல்ல எந்த நியாயமும் இல்லை.