உளுந்தடித்த காரும் அணையாத மஞ்சள் விளக்கும்

உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துக் கொடுக்கும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அடுத்தவன் வண்டிக்குக் காத்திருப்பானேன் என்று நான் என் காரையே அதன்மேல் முன்னும் பின்னும் ஓட்டினேன். உளுந்து உதிர்ந்தது. அடியில் சுற்றிக்கொண்ட செடி ஏதோ ஒரு சென்சாரின் ஒயரையும் பிடுங்கிவிட்டது. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

திருத்துறைப்பூண்டி மெக்கானிக் ஒயரை மாற்றினார். விளக்கு அசரவில்லை.

"வேலை முடிஞ்சுதுங்க. பழைய கோளாறு கார் கம்ப்யூட்டர்ல பதிவாயிருக்கு, ஸ்கேனர் போட்டு அதை அழிக்கணும். நம்ம ஸ்கேனர் ரிப்பேர். அடுத்த வாரம் வாங்க."

மறுநாளே சீர்காழியில் கொழுந்தியாள் மகளுக்கு வளைகாப்பு.

"அந்த லைட்டு எரிஞ்சா நான் ஏற மாட்டேன். அண்ணன் வண்டியில போயிடுவோம்" என்றாள் மனைவி.

அவள் அண்ணன் காரில் ஏறினால் சீர்காழி வரை வண்டிப் பராமரிப்புப் பாடம் நடக்கும். அதற்குள் அவரிடமிருந்து போன் வேறு: "என்ன மாப்ள, கதிரடிக்கிற மெஷினுக்குக் காய்ச்சலாமே?"

அதற்கு மேல் பொறுக்க முடியுமா? பக்கத்துத் தெரு டாக்சிக்காரரிடம் ஸ்கேனரை இரவல் வாங்கி ஸ்டீயரிங்குக்கு அடியில் இருந்த சாக்கெட்டில் சொருகினேன். ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பச் சொல்லியிருந்தார். திருப்பினேன். ஆயில், பேட்டரி, பிரேக், இன்ஜின் என்று அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்தன. டாக்சிக்காரருக்குப் போனைப் போட்டு அலறினேன்: "அண்ணே, மொத்தமும் போச்சு!"

"சாவி போட்டா எப்பவும் அப்படித்தாங்க எரியும். இத்தனை வருஷமா நீங்க பாத்ததே இல்லியா?"

எங்கே பார்த்தேன்? உட்கார்ந்த வேகத்தில் ஸ்டார்ட் பண்ணுகிற ஆள் நான்.

கோளாறுகளை அழிக்கவா என்று கேட்டது ஸ்கேனர். காரையே அழித்துவிடுமோ என்று விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். வாசலில் நின்ற மனைவி, "அமுக்கித் தொலைங்க, அண்ணனுக்குப் பதில் சொல்லணும்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். ஸ்டார்ட் பண்ணினேன். ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியாக அந்த மஞ்சளும் போய்த் தொலைந்தது. வாய்க்கால் பாலம் வரை ஓட்டித் திரும்பினேன், அது மறுபடி எரியவில்லை. ஹாரன் அடித்தபடியே தெருவுக்குள் நுழைந்தேன், தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி.

மறுநாள் மனைவி பட்டுப்புடவையில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "டேஷ்போர்டையே பாக்காம ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றதோடு சரி.

மண்டப வாசலில் மச்சானுடைய கார் வந்து நின்றபோது நான்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

"வாங்க மச்சான், ஏன் இவ்வளவு லேட்டு? வண்டியில எதாவது கோளாறா?"